நிலாவெளிப் புறாத்தீவில் ஸ்நோர்கலிங்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு தெரியும். போட்டில் பத்துப் பதினைந்து நிமிடம். இறங்கி இடுப்பளவு தண்ணீருக்குப் போய் முகத்தை உள்ளே வைத்தால், கொஞ்சத் தூரத்திலேயே முருகைக்கல் தொடங்கிவிடும். இவ்வளவு கிட்ட, இவ்வளவு ஆழம் குறைந்த இடத்தில் உயிருள்ள பவளப்பாறை இருப்பது நமக்கு வசதி. பவளத்துக்கு அதுவே வினை. கொஞ்சம் பயம் வந்ததும் ஆட்கள் சட்டென்று காலை ஊன்றிவிடுகிறார்கள். பவளக் கிளை முறிகிறது, உள்ளங்காலும் கிழிகிறது.

ஆகவே இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: காலை ஊன்றத் தேவையில்லாத ஆளாகப் போங்கள். நீச்சல் தெரிந்திருந்தால் நல்லது. ஆனால் ஸ்நோர்கலிங்குக்கு, அதாவது கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கும் வாயில் கடிக்கிற மூச்சுக்குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி கீழே பார்ப்பதற்கு, முதலில் வேண்டியது, அவசரமில்லாமல் குப்புறக் கிடந்து வாயால் மூச்சுவிடத் தெரிவது. குளத்தில் நாலு சுற்று நீந்துகிறவர்கள் இதில் தடுமாறுவதையும், நீச்சலே தெரியாத அம்மாமார் லைஃப் ஜாக்கெட்டோடு நிதானமாக மிதப்பதையும் அங்கே பார்க்கலாம்.

எப்போது போவது

கிழக்குக் கரையின் நல்ல காலம் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றும் மழையும்; கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். அந்த மாதங்களில் "இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் கீழே ஒன்றும் தெரியாது.

நாளுக்குள் காலைதான் நேரம். எட்டு மணிக்குத் தீவில் இருந்தால் கடல் தட்டையாக இருக்கும், கூட்டம் இருக்காது, சுறாக் குட்டிகள் கரையோரம் உலாவும். பதினொரு மணிக்கு மேல் காற்று எழும்பி அலை சிறுசிறாக உடையும். குழாய்க்குள் தண்ணீர் ஏறுவது அப்போதுதான். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை ஆகியவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அந்நாட்களில் மீனைவிடக் கால்கள்தான் அதிகம் தெரியும்.

நல்ல காலத்திலும் கச்சான் காற்றைக் கவனிக்க வேண்டும். மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று அது. கரையோரம் அலையைத் தூக்காது என்பதால் கடல் அமைதியாகத்தான் தெரியும். ஆனால் குப்புற மிதக்கிற ஆளை மெதுவாக வெளிக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். மீனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறவருக்குத் தான் நகர்வதே தெரியாது.

தீவைப் பற்றிக் கொஞ்சம்

உண்மையில் இரண்டு தீவுகள், பெரியதும் சிறியதும். பெரிய தீவே ஏறத்தாழ 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம்தான். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் இந்தப் பெயர். ஊரில் புறாமலை என்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இதைச் சுட்டுப் பழகும் இடமாகப் பயன்படுத்தினார்கள். 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. தேசியப் பூங்கா என்றால் சட்டம் கடுமையானது: கரையில் குவிந்து கிடக்கிற செத்த முருகைக்கல் துண்டில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம். பிள்ளைகளுக்கு இதைப் போட்டிலேயே சொல்லிவையுங்கள். இறங்கினவுடன் அவர்கள் செய்கிற முதல் வேலை அதுதான்.

1998இல் உலகம் முழுக்கக் கடல் சூடேறியபோது ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைப் பவளங்கள் பெருமளவில் வெளிறிச் செத்தன. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பி வந்ததைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். அதற்குப் பிறகு இங்கும் வெளிறல் வந்திருக்கிறது. ஆட்களின் மிதி வேறு.

படி 1: மாஸ்க்கைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். நிலாவெளிக் கரையில் மாஸ்க், குழாய், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். அவசரத்துக்கு அவை போதும். ஆனால் ஒழுகாத மாஸ்க் ஒன்று உங்களிடமே இருந்தால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் முறை இது. பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். குனிந்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அது உங்கள் முகத்துக்கானது இல்லை, அடுத்ததை எடுங்கள். பட்டியை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது; இறுக்க இறுக்க விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். பட்டி பின்மண்டையின் மேடான பகுதியில், காதுக்கு மேலாக, தளர்வாக உட்கார்ந்தால் போதும்.

நம் ஆண்களுக்குத் தனிப் பிரச்சினை மீசை. மூக்குக்குக் கீழே விளிம்பு படுகிற இடத்தில் மயிர் இருந்தால் தண்ணீர் அந்த வழியாகக் கசியும். மீசையின் மேல்விளிம்பை ஒரு விரற்கடை அளவு மழித்துக்கொள்ளலாம். மனம் வராவிட்டால் கொஞ்சம் வாஸலின் தடவலாம். பெண்களுக்குத் தலைமயிர்: நெற்றியில் ஓரிரு இழை உள்ளே மாட்டினாலே ஒழுகும். அன்று காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதீர்கள். பட்டி வழுக்கும், எண்ணெய் கண்ணாடிக்கும் வரும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதை மாஸ்க்குக்குள் போட முடியாது. பவர் வைத்த மாஸ்க் வாங்கலாம். கிட்டப்பார்வைக் குறைபாடு கொஞ்சம்தான் என்றால் வெறும் மாஸ்க்கே போதும், ஏனென்றால் தண்ணீருக்குள் எல்லாம் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், கொஞ்சம் கிட்டவாகவும்தான் தெரியும். வெளியே வந்து "இவ்வளவு பெரிய சுறா" என்று கை விரிக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

புது மாஸ்க் ஆவி படிந்தே தீரும். உட்பக்கக் கண்ணாடியில் வெள்ளைப் பற்பசையைத் தடவி, விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். கடலில் இறங்குமுன் உள்ளே துப்பித் தேய்த்து, ஒருமுறை கடல்நீரில் அலசினால் சரி. அருவருப்பாகத் தோன்றும், ஆனால் இதைவிட நல்ல மருந்து கிடையாது.

முழு முகத்தையும் மூடுகிற மாஸ்க்கை நான் யாருக்கும் சொல்வதில்லை. மூக்கால் மூச்சுவிடலாம் என்பது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து குழாயை உதறுவதுபோல் ஒரு நொடியில் கழற்ற முடியாது. மட்டமான தயாரிப்புகளில் வெளிவிட்ட காற்றே திரும்ப உள்ளே வந்து தலை சுற்றும்.

படி 2: உடுப்பு, வெயில்

முழுக்கை நீச்சல் சட்டையும் லெகிங்ஸும் ஆண், பெண் இருபாலருக்கும் நல்லது. வெயில், சொறி (ஜெலிமீன்), உராய்வு மூன்றுக்கும் அதுவே காப்பு. சுரிதார், சாரம், பருத்திக் காற்சட்டை எல்லாம் தண்ணீரில் ஊறினால் கனத்து இழுக்கும். சால்வை கண்டிப்பாக வேண்டாம், கழுத்திலோ போட் இயந்திரத்திலோ சுற்றிக்கொள்ளும்.

குப்புறக் கிடக்கும்போது வெயில் சுடுவது முதுகையும், பிடரியையும், முழங்காலின் பின்பக்கத்தையும். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் அப்போது தெரியாது, இரவுதான் தெரியும். சன்ஸ்கிரீன் பூசுவதென்றால் ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்ஸேட் இல்லாததாக, துத்தநாக ஒக்சைட் உள்ளதாகப் பாருங்கள். அந்த இரண்டு இரசாயனங்களும் பவளத்தைப் பாதிக்கும் என்று ஹவாய் அவற்றைக் கொண்ட கிரீம்களின் விற்பனையை 2021இலிருந்து தடுத்தது. என்னைக் கேட்டால் கிரீமைவிடச் சட்டைதான் மேல்.

படி 3: கரையிலேயே பழகுங்கள்

இதைத் தாவிப் போகாதீர்கள். முதல் நாள் மாலையே, விடுதியில் நீச்சல் குளம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் நிலாவெளி மணற்கரையில் கடல் அமைதியாக இருக்கும்போது, இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் செலவழியுங்கள். தீவில் இறங்கிப் பழகலாம் என்று விடுவதால்தான் பவளம் மிதிபடுகிறது.

முதலில் நின்றபடியே குழாயைக் கடியுங்கள். ரப்பர் நுனியைப் பல்லால் இலேசாகப் பிடித்து உதட்டால் மூட வேண்டும். இறுகக் கடித்தால் பத்து நிமிடத்தில் தாடை வலிக்கும். பிறகு குனிந்து முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். உடனே உடம்பு மூச்சை நிறுத்தப் பார்க்கும், அது இயல்பு. அங்கேயே நின்று, மெதுவாக ஆழமாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே என்று இருபது மூச்சு விடுங்கள். சின்னச் சின்னதாக மூச்சுவிட்டால் குழாய்க்குள் நிற்கிற பழைய காற்றே போய்வந்துகொண்டிருக்கும். மூச்சு முட்டுகிற மாதிரி இருப்பது அதனால்தான். குழாய்க்குள் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும். அது சீராகும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அப்புறம் குழாயில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றப் பழகுங்கள். வேண்டுமென்றே தலையைச் சாய்த்துக் குழாயை நிரப்பி, "தூ" என்று ஒரே வீச்சில் ஊதுங்கள். நீரெல்லாம் மேலால் பறக்கும். அடுத்த மூச்சை நிதானமாக இழுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு தூ. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் தலையை வெளியே தூக்கிக் கீழ்விளிம்பை இலேசாக விலக்குங்கள், கொட்டிவிடும். இந்த இரண்டும் கைவந்தால், கடலில் பயப்படுவதற்கான காரணங்களில் பெரும்பகுதி தீர்ந்தது.

கடைசியாக மிதப்பது. கைகளை முன்னே நீட்டி, கண்ணை நேர் கீழே வைத்துப் படுங்கள். முன்னால் பார்க்கத் தலையைத் தூக்கினால் கால் தானாகக் கீழே போகும், குழாயின் வாயும் தண்ணீருக்குள் சாயும். கீழே பார்க்கிறவரைக்கும் உடம்பு தட்டையாக நிற்கும். கடல்நீரின் உப்பு உங்களைத் தூக்கும், நம்பிக் கிடக்கலாம்.

லைஃப் ஜாக்கெட் போட்டவர்களுக்கு ஒரு நுணுக்கம். கீழ்ப்பட்டி தளர்ந்திருந்தால் ஜாக்கெட் மேலேறிக் கழுத்தை நெரிக்கும், உடம்பும் செங்குத்தாக நிமிரும். செங்குத்தாக நிற்கிறவர் சைக்கிள் மிதிப்பதுபோல் காலடிப்பார், கீழே இருக்கிற பவளம் எல்லாம் அந்தக் காலுக்குள் போகும். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டுக் குப்புறப் படுக்கப் பழகுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் ஜாக்கெட்டை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது.

ஃபின்ஸ் தேவையா? நீச்சல் தெரிந்து, ஃபின்ஸ் போட்டுப் பழகியிருந்தால் போடுங்கள். இடுப்பிலிருந்து, முழங்காலை அதிகம் மடிக்காமல் மெதுவாக அடிக்க வேண்டும். முதல்முறை என்றால் வேண்டாம் என்பேன். ஆழம் குறைந்த இடத்தில் உங்கள் கால் எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

படி 4: சீட்டும் போட்டும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர். பஸ்ஸும் ஓட்டோவும் இருக்கின்றன. பூங்காவுக்கான நுழைவுச்சீட்டை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் எடுக்க வேண்டும். போட்டுக்கான காசு அதற்குப் புறம்பு. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிட மிக அதிகம். தமிழ்நாட்டிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிறவர்கள் கடவுச்சீட்டுப்படி எந்தக் கட்டணம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கு ஆள் கணக்கில்லாமல் போட் கணக்கில் பேசுவார்கள் என்பதால், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் செலவு பாதியாகும்.

ஏறுமுன் போட்காரரிடம் மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றுவார், ஆளுக்கொரு ஜாக்கெட் இருக்கிறதா, கடல் இன்று எப்படி. "அண்ணே, இண்டைக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கடலைப் பார்த்துக் கையை நீட்டிச் சொல்வார். எந்தச் செயலியும் தராத தகவல் அது.

தீவில் கடை கிடையாது, நிழலும் குறைவு. குடிதண்ணீரை உலோகப் போத்தலில் கொண்டுபோங்கள். பொலித்தீன் பை, சாப்பாட்டுப் பொதி எல்லாம் கரையிலேயே நிற்கட்டும். கைத்தொலைபேசிக்கு நீர்புகாப் பை வாங்கினால், போகுமுன் உள்ளே ஒரு கடதாசித் துண்டை வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கிச் சோதியுங்கள்.

படி 5: தண்ணீரில் இறங்குதல்

இறங்கினவுடன் ஓடிப்போய்க் குதிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். வெளிர்நீலமாகத் தெரிவது மணல், பழுப்புத் திட்டாகத் தெரிவது பவளம். மணல் எங்கே உள்ளே நீள்கிறதோ அந்த வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். திரும்பி வருவதற்கு ஒரு பாறையையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மிதவைக் கயிறு கட்டியிருந்தால் அதற்கு வெளியே போகாதீர்கள்.

மணலில் இடுப்பளவு வந்ததும் மாஸ்க்கை மாட்டி, நின்ற இடத்திலேயே படுங்கள். தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போய், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் துணையையும் அடையாளத்தையும் பாருங்கள். போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்த பிறகு அதுவே உங்களைத் திரும்பக் கொண்டுவரும்.

நடுவில் பயம் வந்தால்? காலை ஊன்ற நினைக்கும் அந்த நொடிதான் முக்கியம். மல்லாந்து திரும்புங்கள். முகம் வானத்தைப் பார்க்கும், குழாயைத் துப்பிவிட்டு வாயால் மூச்சுவிடலாம், கால் தானாக மேலே வரும். இதையும் முதல் நாளே பழகியிருக்க வேண்டும். பவளத்துக்கு மேல் அரை மீற்றர்கூட ஆழமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், வயிற்றை உள்ளிழுத்து, கையை மட்டும் சிறிதாக அசைத்துப் பின்வாங்குங்கள்.

நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று மீற்றர் கீழே முங்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். காது வலிக்குமுன் மூக்கைப் பிடித்து இலேசாக ஊதி அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். முங்குமுன் வேகவேகமாக நிறைய மூச்சு இழுத்து விடுகிற பழக்கம் ஆபத்து. மூச்சு முட்டுகிறது என்று உடம்பு எச்சரிப்பது அதனால் பிந்தும். எச்சரிக்கையே இல்லாமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள்.

என்னென்ன பார்க்கலாம்

முகத்தை வைத்ததும் காதில் ஒரு பொரிகிற சத்தம் கேட்கும். அதில் பெரும்பகுதி பாறை இடுக்கில் இருக்கிற சிறு இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவது. இடையிடையே கரக் கரக் என்று கேட்டால் பக்கத்தில் கிளிமீன் இருக்கிறது. அசையாமல் கிடந்து அதையே ஒரு ஐந்து நிமிடம் பாருங்கள். பச்சையும் நீலமும் கலந்த உடம்பு, கிளி மூக்கு மாதிரி ஒட்டிய பற்கள். அது கல்லைக் கொரித்த இடத்தில் வெள்ளைக் கீறல் விழும். கொஞ்சத் தூரம் நீந்திப் பின்னால் புகைபோல ஒன்றை விடும்: அரைபட்ட முருகைக்கல், அதாவது மணல். பவளக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் நல்ல பங்கு இப்படி வந்ததுதான்.

மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளங்கள்தான் எளிதில் முறிவன. நல்ல நிலையில் இவை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் முதல் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும். உருண்டையாகப் பாறைபோல் இருப்பவை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான். ஒரு மீற்றர் உயர உருண்டையைப் பார்த்தால் அது நம் பாட்டன் காலத்தது என்று கொள்ளலாம். கிளை நுனி வெளிறி இருந்தால் பயப்பட வேண்டாம், அது வளர்கிற நுனி. கிளை முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால்தான் வெளிறல். பச்சைப் பாசி பிடித்துவிட்டால் செத்துவிட்டது.

சுறா பார்க்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். பாறைகளுக்கு நடுவே நடந்து தீவின் மறுபக்கம் போனால் இன்னொரு சிறு கரை உண்டு. கருமுனைச் சுறாக்கள் அதிகம் தெரிவது அங்கேதான். முதுகுத் துடுப்பின் நுனி கறுத்திருக்கும், வளர்ந்தது ஒன்றரை மீற்றர் அளவில் இருக்கும். கூச்ச சுபாவம் உள்ளது, துரத்தினால் போய்விடும். ஓரிடத்தில் சத்தமில்லாமல் மிதந்தால் அதுவே சுற்றிக்கொண்டு வரும். அங்கே கச்சான் உங்களை வெளிக்கடலுக்குத் தள்ளும் என்பதை மறக்காமல் கரையை ஒட்டியே நில்லுங்கள். ஆமை கண்டால் மேலே போய் மறிக்காதீர்கள், மூச்செடுக்க அது மேலே வந்தாக வேண்டும். மீனுக்கு பாண் போடுவதையும் விட்டுவிடுங்கள். பாசி மேய்கிற மீன் பாணுக்குப் பழகினால் பாசி பவளத்தை மூடும்.

தொடக்கூடாதவை, பட்டுவிட்டால்

விதி எளிது: ஒன்றையும் தொடாதீர்கள். கடல் முள்ளெலி நீள முட்களோடு இடுக்கில் இருக்கும். கல்மீன் கல் மாதிரியே கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். சிங்கமீன் அழகாக மிதக்கும், அதற்கும் விஷ முள். பெரிய கிளாத்தி மீன் முட்டையைக் காவல் காக்கும் காலத்தில் ஆளைத் துரத்தும். அதன் எல்லை கீழிருந்து மேலே விரிந்து வருவதால், மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

விஷமுள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை வைத்தால் வலி குறையும். ஆனால் கல்மீன் என்று சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். இலவச அம்புலன்ஸ் எண் 1990. சொறி பட்டால் தேய்க்காதீர்கள். கடல்நீரால் அலசி, ஒட்டியிருப்பதை இடுக்கியால் மெதுவாக எடுங்கள். பவளம் கீறிய காயம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆற நாளெடுக்கும், சீழ் பிடிக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, துகள் ஒன்றும் உள்ளே இல்லாதபடி கழுவுங்கள்.

இதய நோய், வலிப்பு, கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குடித்துவிட்டு இறங்குவது பற்றிச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவரைப் போட்டிலேயே ஏற்றாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒரு தடவையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடக்காதீர்கள். உதடு நடுங்கினாலோ காலில் குரக்கு பிடித்தாலோ அதற்கு முன்பே ஏறுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். காதுக்குள் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சுக்குச்சி வேண்டாம். ஸ்கூபா (காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்துக்கு மூழ்குவது) செய்தவர்கள் விமானம் ஏற ஒரு நாள் பொறுக்க வேண்டும். மேற்பரப்பில் ஸ்நோர்கலிங் மட்டும் செய்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அன்றிரவே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வண்டி பிடிக்கலாம்.